மணலும் கப்பலும்

வாணிகம் பெருகிய ஒரு துறைமுகத்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுந்தால், எந்த நிகழ்ச்சிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுப்பது என்ற கேள்வி முதலில் எழும். அடிக்கல் நாட்டிய நாள், புதிய கப்பல்துறை திறந்த நாள், பெரியோர் வந்து சென்ற நாள் ஆகியவற்றைக் கல்வெட்டுகளே சொல்லிவிடும். ஆனால் வணிகன் எழுதும் பேரேட்டில் வரவுக்கு ஒரு பக்கம் இருப்பது போலவே பற்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. கல்வெட்டுகள் பெரும்பாலும் வரவுப் பக்கத்தையே பேசும். சென்னைத் துறைமுகத்தின் பேரேட்டை இரு பக்கமும் சேர்த்துப் புரட்டிப் பார்க்க, மாணவ நண்பர்களாகிய உங்களை இன்று அழைக்கிறேன்.

முதலில் ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். சென்னையில் துறைமுகம் ஒன்று இருப்பதே இயற்கையின் விருப்பத்துக்கு மாறானது. நம் முன்னோர் துறைமுகங்களைத் தேர்ந்தெடுத்த இடங்களை நினைத்துப் பாருங்கள். காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் புகார் இருந்தது. பொருநையின் முகத்தில் கொற்கை இருந்தது. சேர நாட்டில் பேரியாற்றின் முகத்தில் முசிறி இருந்தது. ஆற்றின் முகத்துவாரம் கப்பலுக்கு ஒதுங்கிடம் தரும். உள்நாட்டுப் பொருள்களைப் படகில் கொண்டுவர வழியும் தரும். புகாரின் பண்டகசாலையில் ஏற்றுமதிப் பொருள்களின் மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. அத்தகைய சிறப்புடைய துறைகளையும் கடலும் மணலும் விட்டுவைக்கவில்லை. கொற்கை இன்று கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக நிற்கிறது. ஆறு கொணர்ந்த வண்டலும் மணலும் கடலையே அதனிடமிருந்து விலக்கிவிட்டன.

சென்னைக்கு அவ்வாறான பேராறும் இல்லை. ஒதுங்கத் தக்க வளைகுடாவும் இல்லை. கூவமும் அடையாறும் சிற்றாறுகள். அவற்றின் வாயை மணல்மேடு அடிக்கடி அடைத்துவிடும். வடக்கிலிருந்து தெற்காக நேர்கோடு இழுத்தாற்போல் நீண்டு கிடக்கும் வெறும் மணற்கரை இது. இருந்தும் 1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணம் கடல் அன்று, துணி. இப்பக்கத்து நெசவாளர் நெய்த துணி நயமாகவும் மலிவாகவும் கிடைத்தது. துணிக்காக வந்தவர்கள் கடலின் குணத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது.

அக்காலத்தில் கப்பல்கள் கரைக்கு வாரா. அலை உடையும் இடத்துக்கு அப்பால், ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழும் அலைகளைக் கடப்பது ஐரோப்பியரின் மரப்படகுகளால் ஆகாத காரியமாயிற்று. ஆணி அடித்து இறுக்கிய படகு ஓர் அலையில் தரையில் மோதினால் பிளந்து போகும். நம் கரையோர மக்களோ ஆணியே இல்லாத படகைச் செய்தனர். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய உயரமான படகு அது. அலை மோதினால் அது வளைந்து கொடுக்கும், உடையாது. ஆங்கிலேயர் அதனை மசூலாப் படகு என்று அழைத்தனர். ஆளுநரும் நீதிபதியும், பொன்னும் துணியும், குதிரையும் கடிதமும் அந்தத் தைத்த படகில் ஏறியே சென்னையை அடைய வேண்டியிருந்தது.

கட்டுமரக்காரரின் துணிவு அதனினும் பெரிது. படகும் செல்ல முடியாத கொந்தளிப்பில், மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையின் மேல் முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டபடி அவர்கள் கப்பலுக்குச் செல்வர். கடிதங்களை ஓலையால் முடைந்த கூர்ந்த தொப்பிக்குள் வைத்து நனையாமல் கொண்டு சேர்ப்பர். அலை அவர்களைப் புரட்டித் தள்ளினாலும் நீந்தி வந்து மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்வர். படகு கவிழ்ந்து நீரில் விழுந்த பயணிகளைத் தூக்கிக் காப்பாற்றியவர்களும் அவர்களே. சென்னையின் முதல் துறைமுகம் கல்லாலும் இரும்பாலும் கட்டப்படவில்லை. இந்த மக்களின் தோள்களால் அமைந்தது. அவர்களுடைய பெயர்களை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. பேரேட்டில் விடுபட்ட முதல் வரி இது.

திறந்த கடலில் நிற்கும் கப்பலுக்குப் புயல் வந்தால் கதி என்ன? 1746ஆம் ஆண்டு அதற்கு விடை சொல்லியது. அவ்வாண்டு செப்டம்பரில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். வென்ற நகரின் முன் அவருடைய கப்பல்கள் வரிசையாக நின்றன. அக்டோபர் மாத நடுவில் ஒரே இரவில் எழுந்த சூறைக்காற்று அவற்றுட் பலவற்றை அழித்தது; ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். ஆங்கிலேயரின் பீரங்கி செய்யாததைக் காற்று செய்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் இந்தக் கரையருகே நிற்கும் எந்தக் கொடிக்கும் கடல் மரியாதை காட்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது, இருப்புப்பாதை வந்தது, வாணிகம் பெருகியது. ஒரு மூட்டையைக் கப்பலிலிருந்து படகுக்கும், படகிலிருந்து கரைக்கும் மாற்றிச் சேர்க்கும் செலவும், இடையே நனைந்தும் மூழ்கியும் நேரும் நட்டமும் வணிகரை வருத்தின. 1861ஆம் ஆண்டில் இரும்புத் தூண்களின் மேல் ஏறத்தாழ 1,100 அடி நீளத்துக்குக் கடலுக்குள் நீளும் ஒரு பாலம் கட்டி முடிக்கப்பட்டது. அலை உடையும் இடத்தைத் தாண்டிச் சென்று படகிலிருந்து சரக்கை இறக்குவதே அதன் நோக்கம். 1868லும் 1872லும் வந்த புயல்கள் அந்தப் பாலத்தைச் சேதப்படுத்தின. பாலம் போதாது, கடலையே மதில் கட்டி மறிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அதன்பின் வந்தனர்.

அவ்வாறு எழுந்ததே செயற்கைத் துறைமுகத் திட்டம். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் அதனை வகுத்தார். கரையிலிருந்து இரண்டு பெரும் கைகள் கடலுக்குள் நீண்டு, பின்னர் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, கிழக்கே ஒரு வாயிலை மட்டும் விட்டு நடுவே அமைதியான நீர்ப்பரப்பை அணைத்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். 1875ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. பெரும் பெரும் கற்காரைப் பாளங்களை நீராவிப் பாரந்தூக்கிகள் தூக்கிக் கடலில் இறக்கின. ஐந்தாண்டுகள் இரவு பகலாக உழைத்துக் கைகள் இரண்டும் நீண்டு முடியும் தறுவாயில், 1881ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் புயல் வந்தது. ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு அலைதாங்கிச் சுவர் சிதைந்தது. மேலடுக்குப் பாளங்கள் துறைமுகத்துக்குள்ளேயே எறியப்பட்டன. பாளங்களை இறக்கிய பாரந்தூக்கிகள் இரண்டும் கவிழ்ந்தன.

இடிந்ததை மீண்டும் கட்டுவதா, கைவிடுவதா என்று வாதம் நடந்தது. கட்டுவதென்றே முடிவாகி, 1890களின் நடுப்பகுதியில் வேலை நிறைவேறியது. ஆயினும் குறை தீரவில்லை. கிழக்கு நோக்கிய வாயில் வழியே கடலின் வீக்கம் நேராக உள்ளே புகுந்தது. உள்ளே நின்ற கப்பல்கள் ஓயாமல் ஆடின. புயல் வரும் என்று கண்டால், காவல் தேடி வந்த துறைமுகத்தை விட்டே கப்பல்கள் வெளிக்கடலுக்கு ஓட வேண்டியிருந்தது.

இனி, பேரேட்டின் மிகப் பெரிய பற்றுக் கணக்குக்கு வருகிறேன். அது புயலைப் போல ஓரிரவில் வந்ததன்று. ஒவ்வோர் அலையாக, ஒவ்வொரு பிடி மணலாக வந்தது.

கடற்கரையில் நின்று அலையைக் கூர்ந்து பாருங்கள். அது கரைக்கு நேராக வருவது அரிது. சற்றே சாய்வாக வரும். சாய்வாக ஏறும் அலை மணலையும் சாய்வாகவே ஏற்றுகிறது. திரும்பி இறங்கும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஆகவே ஒவ்வோர் அலையிலும் மணல் துகள் ஒன்று சில அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வருகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் அவை வடக்கிலிருந்து வருகின்றன. இரண்டையும் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல இலட்சம் டன் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடந்து செல்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஆறு ஒன்று கரையோரமாக ஓடுகிறது என்றே சொல்லலாம். அந்த ஆற்றில் நீருக்குப் பதில் மணல்.

இந்த மணலாற்றின் குறுக்கே துறைமுகத்தின் தெற்குக் கை ஓர் அணை போல் நின்றது. அணைக்கு மேற்புறம் நீர் தேங்குவது போலத் தெற்கே மணல் தேங்கியது. முன்பு புனித ஜார்ஜ் கோட்டையின் கடல்வாயிலுக்கு அருகிலேயே அலை அடித்தது; கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரையோரம் உலாவும் சாலை ஒன்றை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டார். இன்று மாலைதோறும் நகர மக்கள் காற்று வாங்கும் அகன்ற மணற்பரப்பின் பெரும்பகுதி துறைமுகம் தடுத்துத் தந்த மணலே ஆகும். எந்தப் பொறியாளரும் மெரினாவைக் கட்டத் திட்டமிடவில்லை. அது துறைமுகம் கேளாமல் கொடுத்த கொடை.

ஆனால் அணைக்குக் கீழே உள்ள நிலத்துக்கு என்ன நேரும்? நீர் வராது, வறளும். துறைமுகத்துக்கு வடக்கே அதுவே நேர்ந்தது. அலைகள் அங்கிருந்த மணலை வழக்கம்போல வடக்கே எடுத்துச் சென்றன. அதற்கு ஈடாகத் தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் வரவில்லை. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூருக்கு அப்பாலும் கடல் கரையைக் கடிக்கத் தொடங்கியது. வலை உலர்த்திய மணல் போயிற்று. படகு ஏற்றி வைத்த மேடு போயிற்று. குடிசைகளும் வீடுகளும் தெருக்களும் போயின. கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பிக் கடலைத் தடுக்க வேண்டியதாயிற்று. அப்பகுதியில் ஒருமுறை முதியவரான மீனவர் ஒருவரோடு கற்சுவரின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் நீருக்குள் கையை நீட்டி, தம் பாட்டனார் காலத்தில் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்ட இடம் அங்கே இருந்தது என்றார். நான் பார்த்தபோது அங்கே அலைதான் இருந்தது.

தெற்கே நகரத்துக்குக் கிடைத்தது ஓர் உலாவிடம். வடக்கே மீனவர் இழந்தது இருப்பிடம். இரண்டும் ஒரே மணல். முன்னே சொன்ன படகுக்காரரும் கட்டுமரக்காரரும் இந்தக் கரையைச் சேர்ந்தவர்களே. துறைமுகம் வந்தவுடன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அவர்கள் தேவை இல்லாமற் போயிற்று. முதலில் தொழிலும், பின்னர் நிலமும் போயின. இதனைச் சொல்வது துறைமுகம் வேண்டாம் என்பதற்காக அன்று. ஒரு பெரும் பணியின் விலையை யார் கொடுத்தார் என்று அறிந்துகொள்வதும் கல்வியின் ஒரு பகுதி என்பதற்காகவே சொல்கிறேன்.

1904ஆம் ஆண்டில் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்றவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் இருப்புப்பாதைப் பொறியாளர். வட இந்தியப் பேராறுகளைப் பாலங்களுக்கு அடியில் அடக்கிச் செலுத்தும் முறையை ஆராய்ந்து நூல் எழுதியவர். நீரும் மணலும் எவ்வாறு நடக்கும் என்பதை அறிந்த ஒருவரின் கையில் துறைமுகம் வந்தது நல்லூழ். கிழக்கு வாயிலை அவர் அடைத்தார். வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார். அதனைக் காக்க வெளியே மேலும் ஒரு கையை நீட்டினார். உள்ளே நீர் அடங்கியது. கப்பல்கள் கரையை ஒட்டி நின்று சரக்கு இறக்கத் தக்க மேடைகள் எழுந்தன. 1905இல் துறைமுகப் பொறுப்புக் கழகமும் முறையாக அமைந்தது. திறந்த கடலாக இருந்த சென்னை, மெய்யாகவே துறைமுகமானது அவர் காலத்தில்தான்.

இந்தக் கழகத்தின் வரலாற்றில் மிக உயர்ந்த நிகழ்ச்சி எது என்று என்னைக் கேட்டால், கப்பலோடு தொடர்பில்லாத ஒன்றையே சொல்வேன். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில், கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். பட்டம் பெறாத அந்த இளைஞருக்கு வயது இருபத்து நான்கு. பெயர் சீனிவாச இராமானுசன். தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயரும் கணிதம் பயின்றவர். அவரும் ஸ்பிரிங்கும் இந்த எழுத்தரிடம் இருப்பது என்னவென்று முழுதும் அளக்க முடியாவிட்டாலும், அது சாதாரணமானதன்று என்பதை உணர்ந்தனர். 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் தம்மைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் என்று அறிமுகம் செய்துகொண்டே இராமானுசன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது இராமானுசனின் தாள்களை அவரிடம் காட்டினர். பருவமழையின் போக்கை ஆராய்ந்த பெரும் வானிலை அறிஞர் அவர். தொடக்கத்தில் கணித அறிஞராக விளங்கியவர். அவர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். அவ்வாண்டு மே மாதம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையோடு இராமானுசன் ஆராய்ச்சி மாணவரானார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்தே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். எத்தனையோ இலட்சம் டன் சரக்கை ஏற்றுமதி செய்த துறைமுகம் இது. அன்று ஒரு தனி மனிதர் நோட்டுப் புத்தகங்களோடு ஏறியபோது சென்றது எந்தச் சுங்கப் பட்டியலிலும் விலை குறிக்க இயலாத சரக்கு. ஓர் அலுவலகத்தின் பெருமை, தன் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்கும் மேலாளர்களால் வருகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் வேறு வகையான கப்பல் ஒன்று வந்தது. முதல் உலகப் போர் தொடங்கி இரு மாதம் ஆகவில்லை. செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், கார்ல் ஃபான் முல்லரைத் தலைவராகக் கொண்ட எம்டன் என்ற செர்மானியப் போர்க்கப்பல் விளக்குகளை அணைத்துக்கொண்டு சென்னைக் கடலில் புகுந்தது. மூவாயிரம் கஜ தூரத்தில் நின்று தேடொளியைப் பாய்ச்சி, கரையிலிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அந்தச் சுடர் நெடுந்தொலைவு தெரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு, கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துப் பதில் சொல்லும்போதே எம்டன் இருளில் மறைந்தது. உயிரிழந்தவர் சிலரே. ஆயினும் நகரம் நடுங்கியது. ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினர். வங்காள விரிகுடாவில் வாணிகக் கப்பல்கள் புறப்பட அஞ்சி நின்றன. நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் எம்டன் அழிக்கப்பட்டது. ஆனால் தமிழில் அது இன்னும் மிதக்கிறது. எதற்கும் அஞ்சாத, எளிதில் பிடிபடாத ஆளை ‘அவன் பெரிய எம்டன்’ என்று பெரியோர் சொல்ல என் இளமையில் கேட்டிருக்கிறேன். பத்து நிமிடச் சண்டை ஒரு மொழிக்கு நூறாண்டு வழங்கும் சொல்லைக் கொடுத்துவிட்டது.

பகைவன் வருவதை அறிவிக்க அன்று வழி இல்லை. புயல் வருவதை அறிவிக்க வழி பிறந்திருந்தது. 1864ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவை அழித்த பெரும் புயலுக்குப் பிறகே இந்தியத் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது; 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. மழைக்காலத்தில் வானொலிச் செய்தியில் ‘சென்னைத் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளையும் கொடிமரத்தில் ஏற்றுவது மரபு. ஒன்றும் இரண்டும் தொலைவில் புயல் உருவானதைச் சொல்லும். மூன்றும் நான்கும் துறைமுகத்தையே எச்சரிக்கும். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்று யாதெனின், வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்பது. அறிவு நின்றுபோவதையே எல்லாவற்றினும் பெரிய அபாயமாக வைத்த அந்த வரிசையை நான் பலமுறை வியந்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது எண்ணற்ற மரங்கள் விழுந்தன; ஆனால் அது வருவது பல நாள் முன்னரே தெரிந்திருந்தது. 1746இல் லா பூர்தொனேயின் மாலுமிகளுக்கு ஒரு கூண்டும் ஏற்றப்படவில்லை.

விடுதலைக்குப் பின் துறைமுகம் விரைந்து வளர்ந்தது. 1964இல் ஜவகர் கப்பல்துறை அமைந்தது. 1970களில் பாரதி பெயரால் அமைந்த துறையில் எண்ணெய்க் கப்பல்களும் இரும்புத் தாதுக் கப்பல்களும் நின்றன. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி சரக்குப் பெட்டக முனையத்தைத் திறந்து வைத்தார். அதற்கென்றே தனியாக அமைந்த முனையம் இந்தியாவில் அதுவே முதலாவது. 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் 58 பெட்டகங்களை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பியபோது தொடங்கிய மாறுதல் அது. மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து நாட்கணக்கில் இறக்கிய சரக்கு, பூட்டிய இரும்புப் பெட்டியில் மணிக்கணக்கில் இறங்கியது. வாணிகம் மலிவாயிற்று, சுமைதூக்கிய தோள்கள் ஓய்ந்தன. படகுக்காரருக்கு நேர்ந்ததே துறைமுகத் தொழிலாளருக்கும் மறுமுறை நேர்ந்தது.

வடக்கே எண்ணூரில் 2001இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 2014இல் அது காமராசர் பெயரைப் பெற்றது. நிலக்கரித் தூசும் இரும்புத் தாதுத் தூசும் வடசென்னை வீடுகளில் படிகின்றன என்ற வழக்கில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், 2011இல் அச்சரக்குகள் சென்னையை விட்டு நீங்கின. தூசு போயிற்று; ஆனால் எண்ணூர் மக்களின் பக்கம் போயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, துறைமுகத்துக்குள்ளே நீர் ஏறி இறங்கியதில் கப்பல்களைக் கட்டிய வடங்கள் அறுந்தன. வெளியே மீனவர் குப்பங்களில் மனிதர்களே அடித்துச் செல்லப்பட்டனர். 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கனத்த கரிய எண்ணெய் கரையில் ஒதுங்கியது. ஆமைகள் முட்டையிட வரும் பருவம் அது. நவீன இயந்திரங்கள் செய்ய முடியாத வேலையை, மீனவரும் கடலோரக் காவற்படையினரும் கல்லூரி மாணவரும் வரிசையாக நின்று வாளியால் எண்ணெயை முகந்து செய்தனர். உங்களைப் போன்ற இளைஞர்கள் முழங்கால் வரை கரிய சேற்றில் நின்ற அந்த நாட்களை நான் இத்துறைமுகத்தின் பெருமைக்குரிய நிகழ்ச்சிகளில் சேர்ப்பேன். அவை எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கடல் மறுத்த இடத்தில் மனிதன் துறைமுகம் கட்டினான். அது வீரம். அதனால் ஒரு நகரம் வளர்ந்தது. பல மாவட்டங்களுக்குத் தொழிலும் உணவும் வந்தன. ஆனால் கடல் எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. ஓரிடத்தில் சேர்த்த மணலை வேறோரிடத்தில் எடுத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் நீக்கிய தூசு வேறோரிடத்தில் படிகிறது. பற்று எழுதப்படும் வீடு பெரும்பாலும் ஏழையின் வீடாகவே இருந்து வந்திருக்கிறது.

உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமர்வீர்கள். சிலர் வணிகம் செய்வீர்கள். கரையில் புதிய சுவர் ஒன்றை எழுப்பும் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும் நாளில், அச்சுவரின் வடபுறத்தில் குடியிருப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். அவரையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். அலையைப் பற்றி அவர் அறிந்தவற்றுட் பல, உங்கள் நூல்களில் இன்னும் ஏறவில்லை.